குறைந்த காசில் ஓவர்கிளாக் பிராசசர்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு ரவுணிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் மெசின் பொருத்திக் கொடுக்கிறேன். “குறைந்த விலையில் எந்தப் பிராசசரை வாங்கினால் ஓவர்கிளாக் பண்ணலாம்?” என்ற கேள்வி கிழமைக்குக் கிழமை வருகிறது. வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். யூடியூபில் வரும் கணக்கு பெரும்பாலும் குளிர்நாட்டு அறைக்கான கணக்கு. கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கும் ஊரில் அதை அப்படியே எடுக்கக் கூடாது.

ஓவர்கிளாக் என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

பிராசசர் பொருந்தும் பலகையான மதர்போர்ட் (சுருக்கமாகப் போர்ட்) 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அடிப்படைத் துடிப்பைக் கொடுக்கிறது. பிராசசர் அதை ஓர் எண்ணால் பெருக்கித் தன் வேகத்தை எடுத்துக்கொள்கிறது. 36ஆல் பெருக்கினால் 3.6 கிகாஹெர்ட்ஸ், 42ஆல் பெருக்கினால் 4.2. கம்பனி வைத்த அளவுக்கு மேலே அந்த எண்ணைக் கூட்டுவதுதான் ஓவர்கிளாக். வேகம் கூடும்போது பழைய வோல்ட் போதாமல் மெசின் விழுந்துவிடும், அதனால் வோல்ட்டையும் ஏற்ற வேண்டி வரும். சிக்கல் அங்கேதான். வேகத்தைக் கூட்டினால் சூடு அதே விகிதத்தில் கூடும். வோல்ட்டைக் கூட்டினால் அதன் வர்க்கத்தின்படி கூடும். 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கி வேகத்தையும் 10 வீதம் ஏற்றினால், பிராசசர் எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 39 வீதம் கூடுகிறது. அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். கீழே நான் சொல்லும் பாதி விசயத்துக்கு இந்தக் கணக்குத்தான் அடிப்படை.

எந்தப் பிராசசரையும் வாங்கி ஓவர்கிளாக் பண்ணலாமா?

முடியாது. இன்டெல் என்றால் பெயரில் எண்ணுக்குப் பின்னால் ‘கே’ இருக்க வேண்டும், போர்டும் இசட்490, இசட்690, இசட்790 என்று இசட் வரிசையில் இருக்க வேண்டும். ஏஎம்டி பக்கம் தாராளம். ஏஎம்4 சொக்கெட்டுக்கு (சொக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) வந்த ஏஎம்டியின் ரைசன் பிராசசர்களில் 5800எக்ஸ்3டி போன்ற ஒன்றிரண்டைத் தவிர மற்றதெல்லாம் பூட்டில்லாதவை, அதாவது வேகத்தைக் கூட்டக் கம்பனி தடை வைக்காதவை. ஆனால் போர்ட் இடம் கொடுக்க வேண்டும். பி350, பி450, பி550, எக்ஸ்370, எக்ஸ்470, எக்ஸ்570 இடம் கொடுக்கும். ஏ320, ஏ520 கொடுக்காது. புதிய ஏஎம்5இல் பி650 கொடுக்கும், ஏ620 கொடுக்காது.

“ரைசன் எல்லாம் அன்லாக்தான்” என்று கடையில் சொல்வது பெரும்பாலும் உண்மை. அதே பில்லில் ஏ520 போர்டை எழுதிவிட்டால் அந்த உண்மையால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. காசு கொடுக்கும் முன்பு போர்டின் பெயரில் உள்ள முதல் எழுத்தை வடிவாகப் பாருங்கள்.

அண்ணன், சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்க?

புதிதாக வாங்குகிறீர்கள், கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது என்றால் ரைசன் 5 5600. ஆறு கோர் (வேலை செய்யும் தனித்தனி அலகு), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 32 மெகாபைட் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்), கம்பனி வேகமே 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 2022இல் வந்தது. அதோடு நல்ல பி450 அல்லது பி550 போர்ட். காசு இன்னும் இறுக்கம் என்றால் பாவித்த ரைசன் 5 3600. அதுவும் ஆறு கோர்தான், 2019இல் வந்தது.

5500ஐப் பற்றியும் கேட்கிறார்கள். பெயரில் 5600க்குப் பக்கத்தில் நின்றாலும் அது வேறு சாமான். கேஷ் பாதி, 16 மெகாபைட்தான். கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇயும் பழைய 3.0 மட்டும்தான் உண்டு. கேஷ் குறைந்தால் கேமில் அடிபடும், அதை ஓவர்கிளாக் பண்ணி மீட்க முடியாது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் சிறிதென்றால் 5600ஐ எடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்து, மிச்சக் காசு கூலருக்கும் நல்ல பவர் சப்ளைக்கும் போகுமென்றால் 5500உம் குறையில்லை.

எவருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஓவர்கிளாக் பண்ணாமலே உங்களுக்குப் போதுமான பிராசசரை வாங்குங்கள். ஓவர்கிளாக் பண்ணினால்தான் சமாளிக்கும் என்ற கணக்கில் வாங்கும் பிராசசர் ஏப்ரல், மே வெயிலில் காலை வாரிவிடும்.

5600 பழைய பி450 போர்டில் ஓடுமா?

ஓடும், பயோஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் உள் மென்பொருள்) புதிதாக இருந்தால். கடையில் நெடுநாள் கிடந்த போர்டாக இருந்தால் 5000 வரிசையை அதற்குத் தெரியாது, திரையில் ஒன்றும் வராது. வாங்கும் இடத்திலேயே பயோஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் செய்வதாக இருந்தால் யூபிஎஸ் இல்லாமல் தொட வேண்டாம். பயோஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம்.

பிராசசரைவிடப் போர்டைப் பற்றி ஏன் இவ்வளவு கதைக்கிறீர்கள்?

பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை 1.2, 1.3 வோல்ட்டாகக் குறைத்துப் பிராசசருக்கு ஊட்டும் பகுதி போர்டில்தான் இருக்கிறது. அதை விஆர்எம் என்கிறார்கள். சொக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேல்பக்கமும் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள் அவை. மலிவான போர்டில் அவை வெறுமனே நிற்கும். நல்ல போர்டில் அவற்றின் மேல் அலுமினியக் கவசம் திருகியிருக்கும். ஓவர்கிளாக் பண்ணினால் பிராசசரோடு சேர்ந்து இந்தக் கட்டைகளும் சூடேறும். அவை அளவு மீறிச் சூடானால் போர்ட் தன்னைக் காப்பாற்றப் பிராசசரின் வேகத்தை இழுத்துக் குறைக்கும். 4.3இல் வைத்த மெசின் அரை மணித்தியாலத்தில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி நிற்கிறது என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

பி450 வரிசையிலேயே நல்லதும் உண்டு, தள்ளி வைக்க வேண்டியதும் உண்டு. எம்எஸ்ஐ பி450 டொமஹோக் அந்தக் காலத்தில் பெயர் எடுத்தது இந்த விஆர்எம் பலத்தால்தான். பாவித்ததாகக் கிடைத்தால் இன்றைக்கும் எடுக்கலாம். கவசமே இல்லாத பி450 கையில் இருந்தால் 5600ஐக் கம்பனி அமைப்பில் ஓடவிடுங்கள், அதற்குத் தாங்கும். எட்டுக் கோர் பிராசசரைப் போட்டு ஏற்ற நினைக்க வேண்டாம்.

இன்டெல் ‘கே’ வாங்கினால் என்ன?

குறைந்த பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. இன்டெலிலும் ஒரு நல்ல காலம் இருந்தது. 2014இல் பென்டியம் ஜி3258 என்று இரண்டு கோர் பிராசசர் ஒன்றை 72 டொலருக்குப் பூட்டில்லாமல் விட்டார்கள். 3.2 கிகாஹெர்ட்ஸில் வந்தது நாலரைக்குப் போனது. பிறகு 2017இல் ஐ3-7350கே வந்தது, ஐ3 வரிசையில் முதல் திறந்த பிராசசர். அதற்கு இசட்270 போன்ற போர்ட் வேண்டும், பெட்டியில் கூலரும் இல்லை. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் நாலு கோர் ஐ5ஐயும் சாதாரண போர்டையும் அந்தக் காசுக்கு வாங்கிவிடலாம். இன்றைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை. ‘கே’ பிராசசருக்கும் இசட் போர்டுக்கும் பெரிய கூலருக்கும் சேர்த்துக் கொடுக்கும் மேலதிகக் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் கேமில் இரட்டிப்பாகத் தெரியும்.

இன்டெல்தான் வேண்டும் என்றால் பூட்டிய ஐ3-12100எஃப் அல்லது ஐ5-12400எஃப், கூட ஒரு பி660 போர்ட். இரண்டும் நல்ல சாமான்கள். ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு ராம் வேகத்தை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். எச்610 போர்டில் அதுவும் முடியாது. ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம், கார்ட் இல்லாமல் திரை வராது.

ஓவர்கிளாக் பண்ணினால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

1998இல் வந்த செலரொன் 300ஏ 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர். போர்டின் துடிப்பை 66இலிருந்து 100 ஆக்கினால் 450க்குப் போய் நின்றது. ஐம்பது வீத வேகம், ஒரு சதம் செலவில்லாமல். ஓவர்கிளாக்குக்கு இருக்கும் பெயர் அந்தக் காலத்தில் எடுத்த பெயர்தான். அன்று கம்பனிகள் பிராசசருக்குள் நிறைய இடம் விட்டு விற்றார்கள். இன்று அந்த இடத்தைக் கம்பனியே எடுத்துக்கொள்கிறது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரைக்கும் பிராசசர் தானே வேகத்தை ஏற்றி ஏற்றி இறக்கும். 5600 தானாகவே 4.4 போகிறது, நீங்கள் மெனக்கெட்டால் 4.6க்குப் பக்கத்தில் போகும். ஐந்து வீதம்.

அந்த ஐந்து வீதமும் பிராசசரால் தடைபடும் கேமில்தான் தெரியும். கண்டுபிடிக்க இலகுவான வழி இருக்கிறது. கேமின் ரெசொலூசனை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் உங்கள் தடை கிராபிக்ஸ் கார்ட், பிராசசரைத் தொட்டுப் பிரயோசனமில்லை. எண்ணிக்கை அசையாமல் நின்றால் தடை பிராசசர். வாலரன்ட், சிஎஸ்2 மாதிரியான கேம்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்கு ரெண்டர் நேரத்தில் சில நிமிடங்கள் மிஞ்சும். ஏ.எல். ஐசிடி படிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

கையால் வோல்ட் வைப்பதா, பிபிஓ போடுவதா?

5600க்குப் பிபிஓதான், சந்தேகமே வேண்டாம். பிராசசர் தானே வேகத்தை ஏற்றும் எல்லையைத் தளர்த்திவிடும் ஏஎம்டியின் பயோஸ் அமைப்பு அது. 3600க்கும் பெரும்பாலும் அதுவே.

கையால் எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டினால் ஒரு நட்டம் உண்டு. 3600 தன்பாட்டில் இருக்கும்போது ஒரு கோரை 4.2 வரை கொண்டு போகும். நீங்கள் எல்லாவற்றையும் 4.1இல் பூட்டினால் ரெண்டர் கொஞ்சம் விரைவாகும், ஆனால் ஒன்றிரண்டு கோரை நம்பி ஓடும் கேம் மெதுவாகும். அதற்கும் மேலே போக வோல்ட் கேட்கும். 3600ஐக் கையால் வைப்பதென்றால் 1.3 வோல்ட்டுக்கு மேல் நிரந்தரமாக வைக்க வேண்டாம் என்பது என் முடிவு. ஒன்றும் செய்யாத நேரத்தில் 1.4க்கு மேலே காட்டுகிறதே என்று சிலர் பயந்து போன் எடுக்கிறார்கள். அது கம்பனி அமைப்பில், பாரமில்லாத கணத்தில், பிராசசர் தானே கேட்டு எடுக்கும் வோல்ட். அதனால் பாதகமில்லை. எல்லாக் கோரும் முழுப் பாரத்தில் ஓடும்போது அந்த வோல்ட்டைக் கையால் பூட்டி வைப்பதுதான் பிராசசரைத் தேய்க்கும்.

5000 வரிசையில் பிபிஓவுக்குள் கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று உண்டு. நம் ஊருக்கென்றே செய்தது போல் இருக்கும். பிராசசர் ஒவ்வொரு வேகத்திலும் கேட்கும் வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறது. வோல்ட் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்த இடத்தில் பிராசசர் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். பயோஸில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 வைத்துத் தொடங்குங்கள். இரண்டு நாள் சாதாரணமாகப் பாவியுங்கள். பிரச்சினை இல்லையென்றால் 15, பிறகு 20. மைனஸ் 30தான் எல்லை, எல்லாச் சிப்பும் அங்கே போகாது. அதற்குப் பிறகு வேண்டுமென்றால் வேகத்தின் மேல் எல்லையை 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கர்வை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால் மெசின் பாரத்தில் விழாது. பாரம் கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருள் அரை மணித்தியாலம் ஓடும், கேம் ஓடும். பிறகு ஒன்றும் செய்யாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ 18 என்று ஒரு பிழை நிற்கும். ராமையோ விண்டோஸையோ குறை சொல்லாதீர்கள், கர்வை ஐந்து படி மேலே ஏற்றுங்கள்.

எங்கள் வெயிலுக்கு ஓவர்கிளாக் சரிவருமா?

அளவோடு செய்தால் சரிவரும். கூலர் செய்யும் வேலை பிராசசரின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவது மட்டும்தான், அறையைவிடக் குளிராக்க அதனால் ஏலாது. 22 பாகை அறையில் சோதித்து 72 பாகை என்று சொன்ன அதே கூலர், 34 பாகை அறையில் 84 காட்டும். மே மாதம் தொடங்கி ஆவணி வரைக்கும், கச்சான் அடிக்கும் பகலில், சீற் கூரை போட்ட அறைக்குள் 34ஐயும் தாண்டும். மெசின் பெட்டிக்குள் இன்னும் சில பாகை கூடும்.

ரைசன்களுக்குக் கம்பனி வைத்த எல்லை 90, 95 பாகை. அங்கே போனால் எரியாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியானால் நீங்கள் ஏற்றிய ஓவர்கிளாக்கினால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் நான் பார்க்கும் அளவு இது: பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு, ஃபேன் மட்டும் சுழலும் அறையில், முழுப் பாரத்தில் 80 பாகைக்குக் கீழே நிற்க வேண்டும். மார்கழி மழைக்குள் இரவு பத்து மணிக்குச் சோதித்து வைத்த அமைப்பு சித்திரையில் விழும். சோதிக்கிற நேரத்தை வெயிலுக்குள் வையுங்கள்.

எந்தக் கூலர்?

5600ஓடு பெட்டியில் வரும் கூலர் கம்பனி அமைப்புக்குப் போதும், அதை வைத்து ஓவர்கிளாக் பண்ண வேண்டாம். ஓவர்கிளாக்குக்கு 120 மில்லிமீற்றர் ஃபேன், நாலு செப்புக் குழாய், ஒற்றைக் கோபுரம். இந்த அளவில் டீப்கூல் ஏஜி400, கூலர்மாஸ்டர் ஹைப்பர் 212 போன்றவை ஆறு கோருக்குத் தாராளமாகக் காணும். தண்ணீர்க் கூலருக்குக் காசு கொட்ட வேண்டாம். பம்ப் நின்றால் எல்லாம் நிற்கும். கோபுரக் கூலரில் ஃபேன் போனால் எந்தக் கடையிலும் 120 ஃபேன் ஒன்றை வாங்கிக் கொழுவிவிடலாம்.

வீடு கடற்கரைப் பக்கம். உப்புக்காற்றில் மெசின் பழுதாகாதா?

கல்லடி, நாவலடி, காத்தான்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோரத்தில் இருக்கும் எல்லாருக்கும் இந்தக் கவலை நியாயமானது. வெறும் தூசி ஊதினால் போய்விடும். உப்பும் ஈரமும் சேர்ந்த தூசி பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும், கூலரின் தகடுகளுக்கிடையில் கம்பளியாகத் தட்டும். மெசினின் பின்பக்கத் திருகாணிகளையும் யூஎஸ்பி வாய்களையும் பாருங்கள். அங்கே கறள் பிடித்திருந்தால் உள்ளேயும் தொடங்கியிருக்கும்.

கடல் பார்த்த யன்னலுக்கு நேரே மெசினை வைக்காதீர்கள். நிலத்திலும் வேண்டாம். முன்பக்கம் மெல்லிய வலை உள்ள பெட்டியாக எடுங்கள், வலையை மாதம் ஒருக்கால் கழற்றித் தட்டுங்கள். மாரி காலத்தில் மெசினை வாரக்கணக்கில் மூடி வைப்பதைவிட இடைக்கிடை ஒரு மணித்தியாலம் ஓடவிடுவது நல்லது, உள்ளே ஈரம் தங்காது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

கிராபிக்ஸ் கார்ட் வாங்கக் காசில்லை. அப்போ?

சொல்லப்போனால் ஓவர்கிளாக்கின் பலன் அதிகம் தெரிவது உங்களுக்குத்தான். ரைசன் 5 5600ஜி எடுங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் 1900 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, 2200ஐ எட்டுவது சாதாரணம். ஆனால் அதைவிடப் பெரிய விசயம் ராம். இந்தக் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லை, ராமைத்தான் பங்கு போட்டுப் பாவிக்கிறது. 16 ஜிபி ஒற்றைக் குச்சியைப் போட்டால் பாதை ஒன்று, 8 ஜிபி இரண்டைப் போட்டால் பாதை இரண்டு. கடையில் “பிறகு இன்னொன்று போடலாம்” என்று ஒற்றைக் குச்சியைத் தந்தால் வாங்க வேண்டாம். இரண்டு குச்சி போட்டு, ராம் வேகத்தை 3200இலிருந்து 3600க்கு ஏற்றினால் கேமில் கண்ணாலேயே தெரியும். இதற்கு வோல்ட்டும் பெரிதாகக் கேட்காது, கூடும் சூடும் கொஞ்சம்தான்.

அதைவிடக் குறைவாக என்றால் அத்லொன் 3000ஜி. 2019இல் 49 டொலருக்கு, பூட்டில்லாமல் வந்தது. 3.5இலிருந்து 3.9க்கு இலகுவாகப் போகும். ஆனால் அதை ஏற்ற பி450 போர்ட் வேண்டும், போர்டின் விலை பிராசசரை மிஞ்சும். படிக்கிற பிள்ளைக்கு அதை மலிவான போர்டில் அப்படியே ஓடவிடலாம்.

கார்ட் இருக்கிறவர்களுக்கு ராம் வேகம் முக்கியமா?

முக்கியம். புதிதாகப் பொருத்திய மெசினில் 3200 என்று எழுதிய ராம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ராமுக்கு அதில் எழுதிய வேகத்தைக் கொடுக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பயோஸில் போடும் வரைக்கும் அப்படித்தான் ஓடும். ரைசன் 3000, 5000 இரண்டிலும் பிராசசரின் உட்பாதையும் ராமும் ஒன்றுக்கொன்று சமமாக ஓடும் நல்ல எல்லை 3600. அதற்கு மேலே விலை கூடும், பலன் கூடாது.

என்னிடம் கேஸோடு வந்த 500 வாட் பவர் சப்ளை இருக்கிறது. போதுமா?

அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற நிரலுக்குக் கீழே அம்பியர் எழுதியிருக்கும். 20 அம்பியர் என்றால் 12ஆல் பெருக்கிப் பாருங்கள்: 240 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எடுப்பது அந்த 12 வோல்ட்டில்தான். மேலே பெரிதாக அடித்திருக்கும் 500ஐ நம்பி ஓவர்கிளாக் பண்ணக் கூடாது. மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பனியின் 550 வாட் ஒன்றை வாங்குங்கள். பட்ஜெட்டில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம். இது வெடித்தால் தனியாகப் போகாது.

யூபிஎஸ்ஸும் அப்படித்தான். 650 விஏ என்று எழுதியது 360, 390 வாட் அளவுக்குத்தான் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் யூபிஎஸ் இருந்தாலும் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

கரண்ட் பில் கூடுமா?

கூடும். ஓவர்கிளாக்கினால் 40 வாட் மேலதிகம், நாளுக்கு ஆறு மணித்தியாலம் முழுப் பாரத்தில் ஓடுகிறது என்று வைத்தால் மாதம் 7.2 அலகு. சின்ன எண் மாதிரித்தான் தெரியும். ஆனால் மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 86 அலகில் நிற்கும் வீடு 93க்குப் போனால் 90 என்ற படியைத் தாண்டிவிடும், அலகு விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். பில்லை எடுத்து உங்கள் வீடு எந்தப் படிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கர்வ் ஆப்டிமைசரை நான் விரும்பிச் சொல்வதற்கு இதுவும் காரணம், அதில் கரண்ட் செலவு அதிகரிக்கத் தேவையில்லை.

பாவித்த பிராசசர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஏஎம்4 பிராசசரில் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே கிடையாகப் பிடித்து வரிசைகளைப் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தாலும் தெரியும். சாய்ந்ததை நிமிர்த்தலாம், முறிந்திருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். இன்டெலிலும் ஏஎம்5இலும் ஊசிகள் போர்டில் இருக்கும், அங்கே போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

விற்கிறவர் உங்கள் முன்னால் கழற்றித் தந்தால் கவனமாக நில்லுங்கள். ஏஎம்4 கூலரை நேரே மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். ஊசி வளைவது பெரும்பாலும் அப்போதுதான். பத்து நிமிடம் மெசினை ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே நிறுத்திக் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்கச் சொல்லுங்கள்.

ஓடவிட்டுப் பார்க்க வாய்ப்பிருந்தால் பயோஸைக் கம்பனி அமைப்புக்குக் கொண்டுவந்து, சிபியு-இசட் என்ற மென்பொருளில் பெயர் சரியா என்று பார்த்து, சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கம்பனி அமைப்பிலேயே விழும் பிராசசரை ஆரோ அளவுக்கு மீறி வோல்ட் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள். இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ5 ‘கே’, ஐ7, ஐ9 பாவித்ததாக வந்தால் இன்னும் கவனம் வேண்டும். கூடிய வோல்ட் கேட்டுத் தானே தேய்கிற குறை அவற்றில் இருப்பது 2024இல் வெளிவந்தது. இன்டெல் ஓகஸ்டில் திருத்தம் விட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருசம் நீட்டியது. புதிய பயோஸ் போட்டால் மேற்கொண்டு தேயாமல் தடுக்கலாம், தேய்ந்தது திரும்பாது.

கொழும்பில் வாங்குவதா, இங்கேயே வாங்குவதா?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம். ஆனால் பழுது வந்தால் ஒவ்வொரு முறையும் பார்சல் போட வேண்டும் அல்லது இரவு பஸ் ஏற வேண்டும். பிராசசர் அரிதாகத்தான் பழுதாகும், அதை எங்கே வாங்கினாலும் சரி. போர்டையும் பவர் சப்ளையையும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாங்குவது எனக்குப் பிடிக்கும், விலை கொஞ்சம் கூடினாலும். பில்லில் சீரியல் இலக்கம் இருக்க வேண்டும்.

உத்தரவாதம் போய்விடுமா?

ஓவர்கிளாக்கினால் வந்த சேதத்தை ஏஎம்டியும் ஏற்காது, இன்டெலும் ஏற்காது. பிபிஓவையும் ஏஎம்டி ஓவர்கிளாக் என்றே கணக்கெடுக்கிறது.

என்னிடம் கந்தோரில் விற்ற பழைய டெல் மெசின், ஐ5 நாலாம் தலைமுறை. ஏற்றலாமா?

முடியாது தம்பி. பிராசசரும் பூட்டு, போர்டும் பூட்டு. அந்தக் காசுக்கு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், ராம் 8 ஜிபிக்குக் குறைவென்றால் கூட்டுங்கள். வந்தாறுமூலை, ஒலுவில் கம்பஸ் பிள்ளைகள் பாடத்துக்குப் பாவிக்கிற அளவுக்கு அந்த மெசின் இன்னும் நல்லாக ஓடும். லப்டொப் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அதன் அடியை நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்த்தி, உள்ளே தூசியை எடுத்தாலே குறைந்த வேகம் திரும்பி வரும்.

பயோஸில் ஏதோ மாற்றிவிட்டேன், இப்போது திரையே வரவில்லை. பிராசசர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. மூன்று, நாலு முறை தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய அமைப்புக்குத் திரும்புகிறதா என்று பொறுத்துப் பாருங்கள். திரும்பாவிட்டால் பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்துச் செக்கன் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பற்றரி இருக்கும், அதைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லாம் கம்பனி அமைப்புக்கு வந்துவிடும். போர்ட் மூன்று வருசத்துக்கு மேல் பழையதென்றால் பழைய பற்றரியைத் திரும்பப் போடாமல் சிஆர்2032 என்று கேட்டுப் புதிது ஒன்றை வாங்கிப் போடுங்கள். மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். அதற்குப் பிறகும் திரை வராவிட்டால் ராமில் ஒரு குச்சியை மட்டும் விட்டுப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் மெசினைக் கொண்டு வாருங்கள், கடைசியாக எதை எத்தனைக்கு மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு.